கல்மண்டபத்தில் பரீட்சை எழுதிய பாடங்கள்

பாடப்புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் அதை எழுதினவரைத் திட்ட ஊரே திரண்டு வரும். பிழையே இல்லாவிட்டால் அப்படி ஒருவர் இருந்தார் என்பதே யாருக்கும் தெரியாது.

வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியத் தோழர்களே, வீட்டுப்பாடம் எழுத வைத்தே இரத்தக் கொதிப்பு வாங்கிய பெற்றோர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். நான் இரண்டு பக்கமும் அடிவாங்கினவள். காலையில் வகுப்பில் பாடம் நடத்துவேன், சாயங்காலம் அதே வகுப்புக்குப் பாடம் எழுதும் குழுவில் உட்காருவேன். ஆனால் பட்ட கஷ்டத்தைவிடச் சிரித்த சிரிப்புதான் அதிகம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குறை சொன்னதற்குத் தண்டனை

தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னைக் கல்மண்டபத்தில் அரசு உதவி பெறும் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய கட்டடம். கண்டெய்னர் லாரி போனால் கரும்பலகை லேசாக ஆடும். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் லாரி போகும்வரை வாயை மூடிக்கொண்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்குவார்கள். அப்படி ஒரு ஒழுங்கை நான் வேறெந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை.

அஞ்சல் வழியில் எம்.எட். முடித்திருந்தேன். படிப்பு தலைக்கேறினால் எல்லாவற்றிலும் குறை தெரியும், இல்லையா? புத்தகத்தைத் திறந்தால் எனக்குக் குறையாகவே தெரிந்தது. பிள்ளைகள் பார்த்தேயிராத மலைவாசஸ்தலம், கேட்டேயிராத குயில், யாரும் பேசாத பேச்சு. இதையெல்லாம் இடைவேளைதோறும் தலைமை ஆசிரியை எஸ்தர் அம்மாவிடம் போய்ப் புலம்புவேன். எஸ்தர் அம்மா திருநெல்வேலிக்காரர். அண்ணன்மார் ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். பட்டணத்துக்கு வந்து தலை நரைத்த பிறகும் ஊர்ப்பேச்சு அவரைவிட்டுப் போகவில்லை. மேசையில் இருக்கும் கருப்பட்டி மிட்டாயை எடுத்து என் கையில் வைத்து, வாயை அடைத்து அனுப்பிவிடுவார்.

புதுப் பாடத்திட்டம் தயாராகிறது, தொடக்கப் பள்ளியில் நிஜமாகவே பாடம் நடத்துகிற ஒருவரை அனுப்புங்கள் என்று ஒருநாள் கல்வித் துறையிலிருந்து கேட்டு வந்தார்கள். எஸ்தர் அம்மா யோசிக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டார். மிட்டாய் தரவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுச் சொன்னார்:

"புஸ்தகத்துல அது நொட்டை, இது நொள்ளைன்னு தினமும் என் தலையைத் திங்கியல்லா விஜயா, போ, நீயே போயி எழுது."

சேவலா, சங்கா?

குழுவின் தலைவர் பேராசிரியர் சபாபதி. ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதைவிட வெளுத்த தமிழ். கோபமே வராது. ஆனால் ஒரு ஒற்று விடுபட்டுவிட்டால் முகம் வாடிவிடும், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். என்னை மட்டும் 'அம்மா' என்றுதான் அழைப்பார். அவருக்கு நான் மகள் வயசு.

எனக்கு அங்கே கொடுத்த வேலை இதுதான். குழுவில் எழுதும் பாடத்தை அச்சுக்குப் போகும் முன் என் வகுப்பிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் நடத்திப் பார்த்து, பிள்ளைகளுக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று வந்து சொல்ல வேண்டும். அதாவது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கும் பாடங்களுக்கு முதலில் பிள்ளைகளிடம் பரீட்சை.

முதல் பாடத்தின் பெயர் 'காலைப் பொழுது'. பேராசிரியரே எழுதியது. சேவல் கூவும், முல்லை கண் விழிப்பாள், வாசலில் பசு நிற்கும். அழகான நடை. நான் வாசித்துவிட்டு வகுப்பைக் கேட்டேன், "காலையில உங்களை எழுப்புறது எது?" வகுப்பே கை தூக்கியது. ஒருவன் ஃபேக்டரி சங்கு என்றான். ஒருத்தி, தண்ணி லாரி வந்தாச்சு என்று தெருவே குடத்தை உருட்டும் சத்தம் என்றாள். காசிமேட்டு மீன் ஏலச் சத்தம் என்றான் இன்னொருவன். கடைசி பெஞ்சிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்தாற்போல, "எங்கம்மா கைல தொடப்பக்கட்ட மிஸ்!" என்றார்கள். சேவல் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், சேவல் ஞாயிற்றுக்கிழமை குழம்பில் இருக்கும் என்றாள்.

அத்தனையையும் அப்படியே போய்ச் சொன்னேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். சங்கைச் சேர்த்துக்கொண்டார், தண்ணீர் லாரியையும் சேர்த்துக்கொண்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்:

"எல்லாம் சரி அம்மா, துடைப்பக்கட்டையை எந்த அதிகாரத்தில் வைப்பது?"

இரண்டு தமிழ்

என் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்தால் அருவி. எழுது என்றால் வறட்சி. காரணம் தெரிந்ததுதான். வாயில் வருவது 'கீது', எழுத வேண்டியது 'இருக்கிறது'. வாயில் வருவதை எழுதினால் சிவப்பு மையில் அடிப்பார்கள் என்று தெரியும், அதனால் எழுதுவதே இல்லை. நானும் புளியந்தோப்பில் பிறந்தவள்தான். 'இன்னா' என்று தொடங்கி, 'என்ன' என்று முடிக்கக் கற்றுக்கொண்டவள். எனவே வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். கரும்பலகையின் நடுவே கோடு. ஒரு பக்கம் வூட்டுத் தமிழ், மறுபக்கம் புத்தகத் தமிழ். ஒரு அணி 'குந்து' என்று பந்து வீசினால் மறு அணி 'உட்கார்' என்று பிடிக்க வேண்டும். எதுவும் தப்பில்லை, இரண்டும் வேறு வேறு சட்டை, எங்கே எதைப் போட்டுக்கொண்டு போவது என்று தெரிந்தால் போதும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

எஸ்தர் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆபீசர் வந்து பாத்தாருன்னா பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டுப் போயிருவாரு பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மறுவாரமே கல்வி அலுவலர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். உள்ளே வகுப்பு முழுத் தொண்டையில் 'இஸ்துகினு' என்று கத்த, எதிரணி 'இழுத்துக்கொண்டு' என்று கூரை பிய்யப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் எஸ்தர் அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அலுவலர் கரும்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் பெஞ்சில் இருந்த ஜான்சியிடம் குனிந்து, "உன் பெயர் என்ன பாப்பா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கேட்டாள்:

"வூட்டுத் தமிழ்லயா சார், புத்தகத் தமிழ்லயா?"

கொடுங்கையூரில் ஒரு கேள்வி

'தூய்மை' பற்றிய பாடத்தைக் கொடுங்கையூரில் ஒரு பள்ளியில் நடத்திப் பார்க்கப் போனேன். நகரத்துக் குப்பையெல்லாம் வந்து சேரும் கிடங்கு அங்கேதான். அன்றைக்குக் காற்று எங்கள் பக்கம் அடித்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. "குப்பையை எங்கே போட வேண்டும்?" என்ற கேள்விக்குப் புத்தகத்தில் 'குப்பைத் தொட்டியில்' என்று பதில் இருந்தது. அதற்கு மேல் பாடம் போகவில்லை, ஏனென்றால் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், அவளுடைய அப்பா மாநகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறவர், எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டாள். நையாண்டி இல்லை, நிஜமான சந்தேகம். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து குழுவில் சொன்னேன். பேராசிரியர், பாடத்தின் கடைசியில் நாங்கள் எழுதியிருந்த பயிற்சிகளை எல்லாம் அடித்துவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் எழுதச் சொன்னார். வகுப்பில் எல்லாரும் கூடிப் பேசட்டும், பதிலை யாரும் எழுத வேண்டாம் என்றார். அவள் கேட்டது இதுதான்:

"தொட்டில போட்டா அது எங்க வூட்டாண்ட தானே மிஸ் வருது, அப்பால அத்த எங்க போடறது?"

மே மாத வெயிலில்

கோடை விடுமுறை ஆசிரியர்களுக்கு என்று நினைப்பவர்கள் உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்ததில்லை. மே மாதம் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்போம். தெருவுக்குத் தெரு ஆங்கிலப் பள்ளி முளைத்துக்கொண்டிருந்த காலம். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பு நிரம்பாவிட்டால் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தொழிலில் அதற்கு 'சர்ப்ளஸ்' என்று பெயர், உபரி ஆசிரியர் என்று எங்கேயாவது மாற்றிவிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். கடைசியாகச் சேர்ந்தவர் இரண்டாம் வகுப்புக் குமரேசன் சார்.

குமரேசன் சார் வியாசர்பாடிக்காரர். ஹவுசிங் போர்டு மைதானத்தில் கால்பந்து ஆடி வளர்ந்தவர். கணக்குப் பாடத்தைக்கூடக் கோல் போஸ்ட் வைத்துத்தான் நடத்துவார். புதிதாகக் கல்யாணம் ஆனவர், மனைவிக்கு மணலியில் வேலை. எங்கே தூக்கிப் போடுவார்களோ என்ற கவலையை வெளியே காட்டாமல், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பார். சந்து முனையில் ஒரு விசில் ஊதுவார். பிள்ளைகள் ஓடி வரும், பின்னாலேயே அம்மாக்கள் வருவார்கள். அப்புறம் பேச வேண்டியது என் வேலை.

ஒரு சந்தில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அங்கேதான் கௌரியைப் பார்த்தேன். கௌரி ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள். பெண் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய வயசு. நான் எங்கள் பள்ளியின் பெருமையை எல்லாம் சொன்னேன். புதுப் பாடம் வருகிறது, அதை எழுதுவதில் நானும் ஒருத்தி, அடி கிடையாது, விளையாட்டாகவே படிப்பு. வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும் கேட்டார்கள். குமரேசன் சார் முகத்தில் நம்பிக்கை வந்தது. கௌரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கோபமில்லாமல், சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"எல்லாம் சோக்காதான் சொல்ற மிஸ்சு. உன் பொண்ணு எந்த ஸ்கூலாண்ட படிக்குது?"

மதியின் பெஞ்ச்

என் மகள் மதி திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை ஆங்கில நர்சரியில் யு.கே.ஜி. முடித்திருந்தாள். கௌரிக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். வரிசையும் நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தேன். ஊர்ப் பிள்ளைக்கு எழுதும் பாடத்தில் என் பிள்ளை படிக்காவிட்டால், அந்தப் பாடத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

என் கணவர் ரவி எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ராயபுரத்துப் பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "இங்கிலீஷ் வராம இன்டர்வியூல நான் கூனிக் குறுகி நின்னது உனக்குத் தெரியும். என் பொண்ணும் நிக்கணுமா விஜி?" என்றார். அதில் நியாயம் இருந்தது. நான் வாதாடவில்லை. "ஒருநாள் வந்து என் வகுப்பைப் பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி கேக்குறேன்" என்று மட்டும் சொன்னேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார். கால் மடக்க முடியாத பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அன்றைக்கு வூட்டுத் தமிழ் ஆட்டம். முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், சற்று நேரத்தில் ஓர் அணிக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மணி அடித்தபோது வியர்த்துப்போயிருந்தார். அந்த அணிதான் ஜெயித்தது. வாசல் வரை வந்து, "இங்கிலீஷை வீட்ல நீ சொல்லித் தரணும், சரியா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் மதி கல்மண்டபத்துச் சீருடையில் என்னோடு பேருந்து ஏறினாள்.

முதல் நாள் மதி அழுதாள், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் இடைவேளைக்குள் அவளுக்கு ஜான்சியின் தங்கை சிநேகிதி ஆகிவிட்டாள். கொஞ்ச நாளில் அதன் பலன் வீட்டில் தெரிந்தது. ரவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மதி ஓடிப்போய், "நைனா, சோறு துன்னியா?" என்று கேட்டாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ரவி ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க அப்பாவ நான் கூப்ட்டது இப்படித்தான் விஜி. இவ்ளோ நாளு டாடின்னு வேற யாரையோ கூப்புடுற மாதிரியே இருந்துச்சு."

வாசலில் ஒரு கூட்டம்

சேர்க்கை முடிய சில நாட்களே பாக்கி. ஒன்றாம் வகுப்பில் இன்னும் பல இடம் காலி. எஸ்தர் அம்மா பிரார்த்தனையில் குமரேசன் சார் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார். குமரேசன் சாரோ, பீரோவைச் சுத்தம் செய்து, பந்தையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி, "அடுத்து வர்றவருக்கு உதவும்" என்று ஓரமாக வைத்தார். அதைப் பார்க்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

அன்று காலை மணி அடிக்கும் நேரம், வாசலில் ஒரே சலசலப்பு. கௌரி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் தண்ணீர் வரிசையில் பார்த்த அத்தனை முகமும், ஆளுக்கொரு பிள்ளையோடு. தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் அப்பி, சில பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு. நான் மலைத்துப்போய் நின்றேன். குமரேசன் சார் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊத மறந்து நின்றார். எஸ்தர் அம்மா மட்டும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "வாங்கம்மா, வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்த வாரத்தோடு வகுப்பு நிரம்பியது. பந்துச் சாக்கைப் பிள்ளைகளே அவிழ்த்தார்கள். நான் ஏதோ நன்றி சொல்லப் போக, கௌரி மகளின் ரிப்பனை இறுக்கிக்கொண்டே என்னை மடக்கினாள்:

"இன்னா மிஸ்சு அப்டி பாக்குற? உன் பொண்ணு குந்துற பெஞ்சில எம் பொண்ணு குந்தாதா?"

கடலுக்குப் போன ஆடு

வூட்டுத் தமிழை ஒரு பக்கமாவது புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. குழுவில் சொன்னபோது பேராசிரியர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "பாடநூலில் கொச்சை ஏறினால் நாளைக்கு மொழியே சரிந்துவிடும் அம்மா." மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். ஒரு வருட வேலை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகும் போலிருந்தது. "ஒருமுறை கல்மண்டபத்துக்கு வாங்க ஐயா, பிள்ளைகள் பேசுறதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். வந்தார். வேட்டியில் சேறு படாமல் லாரிகளுக்கு நடுவே அவர் நடந்து வந்த அழகை எஸ்தர் அம்மா இன்றும் நடித்துக் காட்டுவார்.

அன்று கதை சொல்லும் வகுப்பு. யார் சொல்கிறீர்கள் என்று கேட்டதும் கலைச்செல்வி கை தூக்கினாள். எனக்கு நம்ப முடியவில்லை. முன்பு படித்த பள்ளியில் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று, வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். ஆட்டத்தில்கூடக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கைதான் பார்ப்பாள். முன்னால் வந்து நின்றாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி தொடங்கினாள்.

"எங்க வூட்ல ஒரு ஆடு கீது. ராணின்னு பேரு. அது இன்னா பண்ணுச்சு, போட்டுல வலைக்குள்ள பூந்து தூங்கிகினு கீது. எங்க சித்தப்பா அத்த பாக்காம போட்டத் தள்ளிகினு பூட்டாரு. நடுக்கடல்ல போயி வலைய இஸ்தா, உள்ள இருந்து 'மே'ன்னுது! சித்தப்பா மீனுதான் கத்துதுன்னு பயந்து, சாமி பேரெல்லாம் சொல்லிகினு கண்ண மூடிகினாரு."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கலைச்செல்வி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் பாவாடையை விட்டுவிட்டாள். கைகள் இரண்டும் காற்றில் பறந்தன. "ஆட்டுக்கு வாந்தி மேல வாந்தி! கரைக்கு வந்து எறக்கி வுட்டா அது நேரா நடக்கல, அலை மாதிரியே ஆடி ஆடி நடக்குது. இப்ப போட்டப் பாத்தாலே ராணி வேற தெருவுல பூடும்!" ஆடு நடந்ததை நடந்தே காட்டினாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது, ஒருத்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

பிறகு அதே கதையைப் புத்தகத் தமிழில் எழுதச் சொன்னேன். கலைச்செல்வி பிழையில்லாமல் எழுதிக் கொண்டுவந்து பேராசிரியர் கையில் கொடுத்தாள். 'ஆடு கடலுக்குச் சென்றது. ஆடு கத்தியது. சித்தப்பா அஞ்சினார். ஆடு கரைக்குத் திரும்பியது.' அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். ஒற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் முகம் வாடியது. "இதில் ராணியைக் காணோமே பாப்பா" என்று அவளிடம் மெல்லச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். மொழி சரிந்துவிடும் என்று சொன்ன அதே வாயால் சொன்னார்:

"ஆடு கடலுக்குப் போவதும் கத்துவதும் வீட்டுத் தமிழிலேயே இருக்கட்டும் அம்மா, கரைக்கு வந்தபிறகு புத்தகத் தமிழில் நடந்தால் போதும்."

தெற்கிலிருந்து ஒரு புகார்

பாடம் அச்சாகி வந்தது. எஸ்தர் அம்மா முதல் பிரதியை முகர்ந்து பார்த்து, "நல்ல வாசம்" என்றார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடைக்காது. கலைச்செல்வி அந்தப் பக்கத்தை எந்தப் பிள்ளை கேட்டாலும் நடித்துக் காட்டினாள். இப்போது அவளைச் 'சும்மா இரு' என்று சொல்வதுதான் என் தொண்டைக்கு வேலை.

புதுப் புத்தகத்தைப் பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னை ஊர் ஊராக அனுப்பினார்கள். தென்மாவட்டத்தில் ஒரு முகாம். நான் ஆட்டுக்கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்தார். கொண்டையில் பிச்சிப்பூ, கையில் புத்தகம், குரலில் எஸ்தர் அம்மாவுக்குத் தங்கச்சி. கதை நன்றாக இருக்கிறது என்றார். பிள்ளைகளும் ரசிப்பார்கள் என்றார். பிறகு புத்தகத்தை மூடி என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"கீதுன்னா இருக்குன்னு எங்க பிள்ளேளுக்குச் சொல்லிக் குடுத்துருதோம், 'இருக்கு'ன்னு நாங்க சொல்லுத தமிழ்ல ஒரு ஆட்ட எப்பம்மா கடலுக்கு அனுப்பப் போறிய?"

ஒரு நல்ல பாடம் எழுதி முடித்தோம் என்று நிம்மதியாக எழுந்திருக்கும்போதுதான் இன்னும் எத்தனை எழுத வேண்டும் என்பது தெரியவரும், இந்தத் தொழிலில் ஓய்வு என்பது சம்பளத்துக்கு மட்டும்தான்.